துறைமுகத்து மூச்சு – 17: ஈஸ்னோபீலியாவிலிருந்து பயாலஜிக் ஊசி வரை

சென்ற வாரம் நிலக்கரியோடு நிறுத்தியிருந்தோம். 2011 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் கறாராகச் சொல்லிவிட்டது: அக்டோபர் 1 முதல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கூடாது, எல்லாம் எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போகட்டும். ராயபுரத்து மொட்டைமாடிகளில் காயும் வெள்ளைத் துணிக்கு அன்றைக்குத்தான் விடிவு பிறந்தது. எண்ணூர்க்காரர்களை யாரும் கேட்கவில்லை. அதே அக்டோபரில்தான் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி மூன்றும் சென்னை மாநகராட்சிக்குள் வந்தன. ஒரு கையால் ஊரைச் சேர்த்துக்கொண்டு, மறு கையால் தூசியை அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

இந்த வாரம் மருந்துக்கு வருவோம். கடுமையான ஆஸ்துமாவுக்கும் ஒவ்வாமைக்கும் இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை தோலுக்கடியில் போடும் ‘பயாலஜிக்’ ஊசிகள் இன்று சென்னையின் பெரிய மருத்துவமனைகளில் கிடைக்கின்றன. அவற்றின் வரலாற்றை எழுதுகிறவர்கள் உப்சாலா, டென்வர், கேம்பிரிட்ஜ், ஹூஸ்டன் என்று ஊர்களை அடுக்குவார்கள். மெட்ராஸ் அந்தப் பட்டியலில் வராது. ஆனால் இந்த ஊசிகள் குறிவைப்பது முக்கியமாக இரண்டு பேரை. ஒன்று, ரத்தத்தில் இருக்கும் ஐஜிஇ என்ற எதிர்ப்புரதம். இன்னொன்று, இயோசினோபில் என்ற வெள்ளணு. இவ்விரண்டும் வெறிபிடித்து ஆடும் ஒரு நோயை வேறெந்த ஊரையும்விட நெருக்கமாகப் பார்த்த ஊர்களில் ஒன்று நம்முடையது. அதனால் கதையை இங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஐம்பது வயதைத் தாண்டிய வடசென்னைக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார். பகலெல்லாம் நன்றாக இருக்கும் ஆள், ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து இருமுவார். வறட்டு இருமல்; சளியும் வராது, நிற்கவும் நிற்காது. கூடவே இழுப்பு. காலையில் தெருமுனை டாக்டரிடம் போனால் டெரிபிலின் ஊசி ஒன்று விழும், ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு வரும். மாலையில் விடை தெரியும்: ‘ஈஸ்னோபீலியா ஜாஸ்தியா இருக்கு.’ குழந்தையாக இருந்தால் ‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’ என்பார்கள். பெரியவராக இருந்தால் இது. லேபில் இதற்கென்றே ஒரு பரிசோதனை உண்டு, ஏ.இ.சி. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் எத்தனை இயோசினோபில் என்று எண்ணிச் சொல்வார்கள். சரியான ஈஸ்னோபீலியா என்றால் அந்த எண் 3,000க்கு மேல் நிற்கும். சாதாரண ஆளுக்கு 500ஐத் தாண்டாது.

இதை முதலில் தனி நோயாக அடையாளம் கண்டது மெட்ராஸ் மாகாணத்துக் காசநோய் ஆஸ்பத்திரி ஒன்றில். மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஆரோக்கியவரம். அன்றைக்குச் சித்தூர் மாவட்டம் நம் மாகாணத்தில்தான் இருந்தது. அங்கே யூனியன் மிஷன் சானடோரியத்தை நடத்திவந்தவர் டென்மார்க்காரர் ஃப்ரிமோட்-மொல்லர். காசம் என்று வந்து சேர்ந்தவர்களில் ஒரு சாரார் அவரை உறுத்தினார்கள். எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரியும். சளியில் கிருமி கிடையாது. ரத்தத்தில் இயோசினோபில் மட்டும் மலைபோல் ஏறியிருக்கும். பார்ட்டன் என்பவரோடு சேர்ந்து 1940இல் இந்தியன் மெடிக்கல் கெஜட்டில் இதைக் ‘காசம் மாதிரி இருக்கும், ஆனால் காசமல்லாத நிலை’ என்று எழுதினார். காசமில்லாமலே சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவர்கள் எத்தனை பேரோ.

மூன்று வருடம் கழித்து, 1943இல், வைன்கார்ட்டன் என்ற மருத்துவர் லான்செட் இதழில் இதற்கு ‘டிராப்பிகல் இயோசினோபீலியா’ என்று பெயர் வைத்தார். மருந்தும் சொன்னார்: மேகநோய்க்குப் போடும் ஆர்செனிக் ஊசி. மேகநோயும் இந்த இழுப்பும் சேர்ந்திருந்த ஒரு நோயாளிக்கு அந்த ஊசியைப் போட, இழுப்பும் சேர்ந்து நின்றுபோனதாம். தற்செயல்தான். ஏன் நின்றது என்று அவருக்கும் தெரியாது.

ஏன் என்பதற்கு வழிவிட்ட மருந்தைக் கண்டவர் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்த ஒருவர். எல்லாப்ரகடா சுப்பாராவ். கதரில் தைத்த அறுவைச் சிகிச்சை அங்கியோடு வகுப்புக்குப் போனதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தவர். அமெரிக்கா போய் லெடர்லி ஆய்வகத்தில் ஆராய்ச்சித் தலைவரானார். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு யானைக்கால் நோய் தொற்றியது. அதற்கு மருந்து தேடியபோது அவருடைய குழு 1947இல் வெளியிட்டதுதான் டைஎதில்கார்பமசின். கடையில் ‘ஹெட்ராசான்’. மறு வருடமே சுப்பாராவ் இறந்துபோனார். தன் மருந்து சொந்த ஊர்ப்பக்கத்து இருமலை நிறுத்தப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அந்த முடிச்சு அவிழ்ந்தது சிங்கப்பூரில். அங்கே இந்நோய் பெரும்பாலும் இந்திய வம்சாவளியினருக்கு வந்தது. டி.ஜே. தனராஜ் அவர்களுக்கு ஹெட்ராசான் கொடுத்துப் பார்த்து 1958இல் எழுதினார்: இருமல் நிற்கிறது, எண்ணிக்கையும் இறங்குகிறது. யானைக்கால் நோய் தரும் ஃபைலேரியாப் புழுவைக் கொல்லும் மருந்துக்கு நோய் அடங்குகிறது என்றால், குற்றவாளி அந்தப் புழுதானே? அதே சமயத்தில் லண்டனில் பக்லி என்ற ஆய்வாளர், விலங்குகளின் ஃபைலேரியாப் புழுவைத் தன்னார்வலர்கள் உடம்பில் செலுத்தி, இருமலையும் இயோசினோபிலையும் வரவழைத்தே காட்டினார். (இன்றைக்கு எந்த நெறிக்குழுவும் இதற்குக் கையெழுத்துப் போடாது.) 1966இல் தனராஜும் நோயியல் வல்லுநர் சண்முகரத்தினமும் சகாக்களும் நோயாளிகளின் நுரையீரல் திசுவிலேயே நுண்புழுவைக் கண்டார்கள். தனராஜ் அதற்குள் கோலாலம்பூர் போய் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவராகியிருந்தார்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. யானைக்கால் புழுவைத் தேட மாநகராட்சி ஆட்கள் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் விளக்கும் கண்ணாடித் தகடுமாகத் தெருவுக்கு வருவார்கள். விரல் நுனியில் குத்தி, மூன்று சொட்டு ரத்தத்தைத் தகட்டில் தடவிக்கொண்டு போவார்கள். நுண்புழு ராத்திரியில்தான் தோலோரத்து ரத்தத்துக்கு வரும்; பகலில் நுரையீரலுக்குள் ஒதுங்கிவிடும். பக்கிங்காம் கால்வாய் ஓரத்துக் கொசு கடிக்கும் நேரமும் அதுதான். ஆனால் ஈஸ்னோபீலியா நோயாளியின் ரத்தத்தை எந்த ராத்திரியில் எடுத்தாலும் புழு இருக்காது. அவர் உடம்பு புழுவோடு சமாதானமாகப் போகவில்லை. நுரையீரலில் வைத்தே அடித்துக் கொன்றுவிடுகிறது. அந்த அடிதடியில் நொறுங்குவது அவருடைய மூச்சுக்குழாய். பக்கத்து வீட்டுக்காரர் அதே கொசுவிடம் கடிபட்டு, ரத்தம் முழுக்கப் புழுவை வைத்துக்கொண்டு, தும்மல்கூட இல்லாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்.

ஒவ்வாமை என்பதே இப்படி ஆளுக்கு ஆள் வேறுபடும் எதிர்வினைதான் என்று ஐரோப்பாவில் முன்பே பிடிகிடைத்திருந்தது. காசிமேட்டுக்காரர்களுக்குப் பிடிக்கும் ஒரு சோதனையைச் சொல்கிறேன். 1921, ப்ரெஸ்லாவ் நகரம். ஹைன்ஸ் க்யூஸ்ட்னர் என்ற மருத்துவருக்குச் சமைத்த மீன் ஆகாது. அவருடைய ரத்தத்தின் தெளிநீரைச் சகா கார்ல் ப்ராவுஸ்னிட்ஸ் தன் வயிற்றுத் தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாறைக் குத்தினார். சில நிமிடங்களில் தடித்துச் சிவந்தது. மீன் தின்று எந்தத் தொந்தரவும் இல்லாதவரின் தோலில், மற்றவரின் ஒவ்வாமை குடியேறிவிட்டது! ரத்தத்தில் ஏதோ ஒன்று அதைச் சுமக்கிறது. என்ன என்று பிடிக்க இன்னும் 45 வருடம் ஆயிற்று. 1966இல் டென்வரில் இஷிசாகா தம்பதியும், 1967இல் சுவீடனில் யோஹான்சனும் பென்னிக்கும் தனித்தனியே அந்தப் புரதத்தைப் பிரித்தார்கள். 1968இல் உலக சுகாதார நிறுவனம் ஐஜிஇ என்று பெயர் சூட்டியது.

இங்கே நம் ஆள் ஒருவர் வருகிறார். கே.வி. திருவேங்கடம். சென்னைக்கு ‘கே.வி.டி.’ ராயபுரத்துப் பக்கம் இருக்கும் ஸ்டான்லியில் படித்து, அங்கேயே பேராசிரியராகவும் இருந்து, பிறகு மெட்ராஸ் மெடிக்கல் காலேஜுக்குப் போனவர். ஆஸ்துமா என்றால் அவரிடம் போ என்று மூன்று தலைமுறை டாக்டர்கள் எழுதிக்கொடுத்தார்கள். 1981இல் பத்மஸ்ரீ, 2020இல் காலமானார். சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தின் திரிபாதி, பராஞ்சபே, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் எரிக் ஆட்டெசன் முதலானவர்களோடு அவர் பெயரும் 1979ஆம் ஆண்டு லான்செட் கட்டுரையில் இருக்கிறது. ஈஸ்னோபீலியா நோயாளிகளுக்கு ஃபைலேரியாப் புழுவின் புரதத்தின்மேல் தனிப்பட்ட ஒவ்வாமை இருக்கிறது என்பது அதன் சாரம். ஐஜிஇ கண்டுபிடித்துப் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் மெட்ராஸ் வார்டில் அதன் கணக்கு எடுத்துவிட்டார்கள்.

அடுத்த படி இன்னும் துணிச்சலானது. சேத்துப்பட்டு மையம் 1956இல் வேறொன்றுக்காகத் தொடங்கியது. காசநோயாளியைச் சானடோரியத்தில் படுக்கவைக்க வேண்டுமா, வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதாதா என்று பார்த்த அந்தப் புகழ்பெற்ற சோதனையை இத்தொடரில் முன்பே விரிவாகப் பார்த்தோம். 1980களில் அதே வளாகத்தில் வி.கே. விஜயன், வி. குமாரசாமி ஆகியோர் ஈஸ்னோபீலியா நோயாளிகளின் நுரையீரலுக்குள்ளேயே எட்டிப் பார்த்தார்கள். மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ மெல்லிய குழாய்க் கருவியை இறக்கி, நுரையீரலின் ஒரு கிளையில் உப்பு நீரைச் செலுத்தி, உடனே உறிஞ்சி எடுப்பார்கள். வரும் கலங்கல் நீரைச் சுழற்றி, படிவைக் கண்ணாடியில் தடவிச் சாயம் ஏற்றினால், ஆரஞ்சுச் சிவப்பு மணிகள் நிறைந்த இயோசினோபில்கள் கூட்டம் கூட்டமாகத் தெரியும். 1987இல் வந்த கட்டுரையின்படி, அந்த நீரிலிருந்த அழற்சிச் செல்களில் பாதிக்கும் மேல் அவைதான். ஹெட்ராசான் கொடுத்து இரண்டு வாரத்துக்குள் மறுபடி கழுவிப் பார்த்தால் படுவேகமாகக் குறைந்திருக்கும். மூன்று வார மாத்திரை, சில்லறைக் காசு. ஆனால் 1990இல் அதே குழு ஒரு கசப்பான பின்குறிப்பும் எழுதியது: மருந்து முடிந்து மாதங்கள் ஆன பிறகும் சிலருடைய நுரையீரலில் அழற்சி அடங்காமல் புகைந்துகொண்டிருக்கிறது.

இனி ஹூஸ்டன் போகலாம். 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை எதிர்ப்புரதத்தை வேண்டிய அளவு செய்யும் வித்தையைக் கண்டார்கள். அதை வைத்து ஒவ்வாமையை அடக்கலாம் என்று 1986இல் டானாக்ஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார்கள் நான்சி சாங்கும் ட்சே வென் சாங்கும். யோசனை எளிது: ஐஜிஇயைப் பிடிக்கும் இன்னொரு எதிர்ப்புரதத்தைச் செய்துவிடு. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. ஐஜிஇ ரத்தத்தில் மிதக்கும். மாஸ்ட் செல் என்ற செல்லின் மேலும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டியிருப்பதை இழுத்தால் மாஸ்ட் செல் வெடித்து, மருந்தே ஆளைக் கொன்றுவிடும். ஆகவே ஐஜிஇ எந்த முனையால் செல்லில் ஒட்டுமோ அந்த முனையையே பிடிக்கும் எதிர்ப்புரதத்தைத் தேடினார்கள். ஏற்கெனவே ஒட்டியிருப்பதில் அந்த முனை மறைந்திருக்கும். மிதப்பது மட்டும் மாட்டும். முதலில் சுண்டெலியில் செய்த அந்தப் புரதத்தை மனித உடம்பு அந்நியமாகப் பார்க்காதபடி, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் மனிதப் புரதமாக மாற்றியமைத்தார்கள். இன்று அதைச் சுரப்பது சீன வெள்ளெலியின் செல்கள். எஃகுத் தொட்டியில் வளர்கின்றன. அதனால்தான் இதற்கு ‘பயாலஜிக்’ என்று பெயர். அதனால்தான் 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே ஆலையிலிருந்து நோயாளி வரை வந்தாக வேண்டும். விலையில் ஒரு பங்கு இதற்கே போகிறது. ஒமலிசுமாப் என்ற இந்த மருந்துக்கு 2003 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தீராத தோல் தடிப்புக்கு 2014இலும், உணவு ஒவ்வாமைக்கு 2024இலும் அனுமதி நீண்டது.

இயோசினோபில் பக்கத்துக் கதை தோல்வியில் தொடங்கியது. இயோசினோபிலை வளர்த்துவிடும் இன்டர்லூகின்-5 என்ற சமிக்ஞைப் புரதத்தைத் தடுக்கும் மெபோலிசுமாப் 2000ஐ ஒட்டிய சோதனைகளில் ரத்தத்தில் எண்ணிக்கையை இறக்கியது, ஆஸ்துமாவை அசைக்கவில்லை. கிட்டத்தட்ட கைகழுவிவிட்டார்கள். தவறு மருந்தில் இல்லை, ஆள் பொறுக்கியதில். ஆஸ்துமா என்று வந்த எல்லோருக்கும் கொடுத்திருந்தார்கள். சளியை எடுத்து எண்ணி, இயோசினோபில் அதிகம் உள்ளவர்களுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள் லெஸ்டரில் பிரணாப் ஹல்தரும், கனடாவின் ஹாமில்டனில் பரமேஸ்வரன் நாயரும். 2009இல் இரண்டு கட்டுரைகளும் சேர்ந்து வந்தன; மூச்சுத்திணறல் வந்து அவதிப்படும் தடவைகள் குறைந்திருந்தன. 2015இல் அனுமதி. தொடர்ந்து பென்ராலிசுமாப், டூபிலுமாப் வந்தன. 2021 கடைசியில் டெசிபெலுமாப்.

எண்ணிப் பார்த்துப் பொறுக்கு என்பதைத்தான் நம் தெருமுனை லேப் அரை நூற்றாண்டாகச் செய்துவந்தது. ஆனால் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மெபோலிசுமாப்புக்குத் தகுதி பெற 150 அல்லது 300 இயோசினோபில் போதும். சேத்துப்பட்டு பார்த்த நோயாளிகள் 3,000க்கு மேல். ஒமலிசுமாப் அளவை உடல் எடையும் ஐஜிஇயும் வைத்து அட்டவணையில் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அமெரிக்காவில் பெரியவர்களின் ஆஸ்துமாவுக்கு அந்த அட்டவணை 700இல் முடிகிறது, ஐரோப்பாவில் 1,500இல். குடற்புழுவும் கொசுவும் சேர்ந்து ஐஜிஇயை ஆயிரக்கணக்கில் ஏற்றிவைத்திருக்கும் ஊரில் பலர் அட்டவணைக்கு வெளியே நிற்பார்கள். கூடுதலாக ஒரு கேள்வி: ஐஜிஇயும் இயோசினோபிலும் புழுவை எதிர்க்கும் படை அல்லவா, அதைக் கலைத்தால்? பிரேசிலின் குடற்புழு மிகுந்த பகுதியில் 137 பேரிடம் ஒரு வருடம் பார்த்து 2007இல் வெளியிட்டார்கள். ஒமலிசுமாப் ஊசி போட்டவர்களுக்குப் புழுத் தொற்று சற்றே கூடுதலாகத் தெரிந்தது. முற்றவில்லை, வழக்கமான மாத்திரைக்கே போனது. அதனால் இங்கே அனுபவமுள்ள மார்பு மருத்துவர் ஊசி எழுதுவதற்கு முன்னால் மலப் பரிசோதனைக்கு எழுதுகிறார். ஏ.இ.சி. எக்கச்சக்கமாக இருந்தால் முதலில் ஃபைலேரியாவைச் சந்தேகப்படுகிறார். பயாலஜிக் கம்பெனியின் வண்ணக் கையேட்டில் இதற்குச் சின்ன எழுத்தில்தான் இடம் இருக்கும்.

விலையைப் பற்றிச் சுற்றி வளைக்க வேண்டியதில்லை. துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலிக்குச் சுமை தூக்குபவரின் மாத வருமானத்தை ஒரு மாத ஊசி விழுங்கிவிடும். காப்புரிமை முடிந்த ஒமலிசுமாப்புக்கு ஒத்த மருந்து 2024இல் ஐரோப்பாவிலும் 2025இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றிருக்கிறது. இங்கே விலை இறங்கினால் நல்லது. ஆனால் என் கணிப்பில் வடசென்னையின் உடனடித் தேவை வேறு. ‘பஃப் அடிச்சா பழக்கமாயிடும்’ என்று இன்ஹேலரை ஒளித்துவைத்துவிட்டு, மூச்சு முட்டும்போது டெரிபிலினும் விசோலோனும் பெட்னசாலுமாக ஓட்டுகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அந்த ஸ்டீராய்டு மாத்திரைகள் எலும்பையும் சர்க்கரையையும் பதம் பார்த்த பிறகு, ‘கட்டுப்படாத ஆஸ்துமா’ என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். இன்ஹேலரைச் சரியாக உறிஞ்சக் கற்றுக்கொடுத்தாலே அதில் ஒரு பகுதிக்கு ஊசி தேவைப்படாது. மீதிப் பேருக்கு, உண்மையிலேயே ஸ்டீராய்டு இல்லாமல் மூச்சுவிட முடியாதவர்களுக்கு, இந்த ஊசி மறுபிறப்பு என்பதிலும் சந்தேகமில்லை. அரசுக் காப்பீடு முதலில் பார்க்க வேண்டியது அவர்களைத்தான்.

இந்த ஊசிகள் பொருந்தாத ஒரு மூச்சுத்திணறலும் உண்டு. இந்தக் கரையில் அதைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. 2023 டிசம்பர் 26, நள்ளிரவுக்குச் சற்று முன்னால் எண்ணூர் பெரியகுப்பத்துக் கரையில், கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. கண் எரிய, தொண்டை அடைக்க, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். இம்மாதிரி வாயுவை ஒரே தடவை அதிகமாகச் சுவாசித்தவருக்கு, முன்பு எந்த ஒவ்வாமையும் இல்லாதிருந்தும், ஆஸ்துமா போன்ற இழுப்பு தங்கிவிடலாம் என்று அமெரிக்காவின் ஸ்டூவர்ட் ப்ரூக்ஸும் சகாக்களும் 1985இலேயே விவரித்திருக்கிறார்கள். அங்கே ஐஜிஇ முக்கியப் புள்ளி அல்ல. இயோசினோபிலும் பெரும்பாலும் இருக்காது. தாக்கியது புழுவும் அல்ல, மீனும் அல்ல, வெறும் காரம். பிடித்து நிறுத்த எதிர்ப்புரதத்துக்கு அங்கே ஆள் இல்லை.

அன்றிரவு என்ன நடந்தது, குழாய் எப்படி உடைந்தது, தாமாக முன்வந்து வழக்கை எடுத்த தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் என்னென்ன கேட்டது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.